நூறு தாய்மாரில் தொண்ணூறு பேர்

லேப் ரிப்போர்ட்டில் அந்த வரி தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும்: 'சி.எம்.வி. ஐஜிஜி – பாசிட்டிவ்'. இரண்டு முறை கரு கலைந்துபோன பெண்ணோ, முதல் ஸ்கேனுக்கு வந்த புதுப்பெண்ணோ அதைப் படித்ததும் முகம் வெளுத்துவிடும். துணைக்கு வந்த மாமியார், "என்னம்மா, ஏதோ கிருமி இருக்குன்னா போட்டிருக்கு?" என்று கேட்பார். இரவு கணவர் கைப்பேசியில் தேடுவார். காது கேளாமை, தலை சிறுத்துப் பிறத்தல், மூளை வளர்ச்சிக் குறைபாடு என்று ஒவ்வொன்றாக வந்து விழும். அன்றைக்கு அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது.

அந்தப் பெண்ணிடம் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். லேப்பில் அவளோடு வரிசையில் உட்கார்ந்திருந்த மற்ற கர்ப்பிணிகளின் ரத்தத்தையும் இதே சோதனைக்கு அனுப்பியிருந்தால், ஏறக்குறைய எல்லாருக்கும் இதே வரிதான் வந்திருக்கும். மாமியாருக்கும் வந்திருக்கும். ஊசி போட்டு ரத்தம் எடுத்த பெண்ணுக்கும் வந்திருக்கும். இதை எழுதுகிற எனக்கும், படிக்கிற உங்களுக்கும் பெரும்பாலும் அதே விடைதான்.

சைட்டோமெகலோ வைரஸ் என்பது இதன் முழுப்பெயர். டாக்டர்கள் சுருக்கமாக சி.எம்.வி. என்பார்கள். உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்களில் 86 சதவீதம் பேரின் ரத்தத்தில் இந்த வைரஸ் வந்துபோனதன் அடையாளம் இருந்தது. வந்துபோனது என்று சொல்வதுகூடச் சரியில்லை. வந்தது, போகவில்லை. பிரான்ஸில் கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத்தான் இது இருக்கிறது. அமெரிக்காவில் 40 வயதுக்குள் பாதிப் பேருக்கு மேல் தொற்றியிருக்கிறது. இந்தியாவிலோ, கர்ப்பிணிகளிடம் நடந்த பெரும்பாலான ஆய்வுகளில் இந்த எண்ணிக்கை 90 சதவீதத்தைத் தாண்டுகிறது.

இவ்வளவு பேருக்கு எப்போது, எப்படி வந்தது? நம் ஊரில் பலருக்கும் அது தாயின் மடியிலேயே வந்துவிடுகிறது. ஒரு பெண்ணின் உடம்பில் பல வருடங்களாகச் சத்தமில்லாமல் கிடக்கும் இந்த வைரஸ், அவள் பிள்ளை பெற்றுப் பால் சுரக்கத் தொடங்கியதும் மார்பில் விழித்துக்கொள்கிறது. தொற்றுள்ள தாய்மாரில் ஏறக்குறைய எல்லாருடைய பாலிலும் பிரசவத்துக்குப் பிந்திய வாரங்களில் அதைக் காணலாம். பால் வழியே பல குழந்தைகளுக்கும் போய்ச் சேருகிறது. ஆனால் நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு ஒன்றும் ஆவதில்லை. இந்த வைரஸை எதிர்க்கும் ஆன்டிபாடிகளை வயிற்றில் இருக்கும்போதே தாய் நஞ்சுக்கொடி வழியாகக் கொடுத்துவிட்டிருப்பாள். கேடயம் முதலில் வந்துவிடுகிறது, கிருமி பிறகு வருகிறது. உலகில் எந்தத் தடுப்பூசிக்காரரும் இவ்வளவு நேர்த்தியாக ஏற்பாடு செய்ததில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் தாய்ப்பாலை நிறுத்திவிடக் கூடாது. மிகக் குறைமாதத்தில், மிகக் குறைந்த எடையில் பிறந்த குழந்தைகள் விஷயத்தில் மட்டும் டாக்டர்கள் இதைக் கவனத்தில் கொள்வார்கள்.

பாலில் வராதவர்களுக்கு எச்சிலில் வரும். ஒரே தட்டில் பிசைந்து மூன்று பிள்ளைகளுக்கு ஊட்டும் பாட்டி, பாதி கடித்த மிட்டாயைத் தம்பிக்குக் கொடுக்கும் அக்கா, அங்கன்வாடியில் வாயிலிருந்து வாய்க்கு மாறும் பிளாஸ்டிக் பொம்மை என்று வழி எத்தனையோ. தொற்றிய சின்னக் குழந்தையின் எச்சிலிலும் சிறுநீரிலும் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் வைரஸ் வந்துகொண்டே இருக்கும். குழந்தைக்குக் காய்ச்சல்கூட இருக்காது. ஓடி விளையாடிக்கொண்டிருக்கும்.

இந்தக் கிருமிக்கு முதலில் இருந்த பெயரே 'உமிழ்நீர்ச் சுரப்பி வைரஸ்' என்பதுதான். ஆனால் அதை வைரஸ் என்று கண்டுகொள்வதற்கு வெகுகாலம் முன்பே அதன் கைவேலையை மனிதர்கள் பார்த்துவிட்டார்கள். 1881-இல் ஹ்யூகோ ரிப்பெர்ட் என்ற ஜெர்மானிய நோய்க்கூற்றியலாளர், இறந்து பிறந்த ஒரு குழந்தையின் சிறுநீரகத்தை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். சில செல்கள் மற்றவற்றைவிடப் பல மடங்கு ஊதிக் கிடந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் கருத்த உருண்டை, அதைச் சுற்றி வெளிர் வளையம். அவருக்கு அது என்னவென்று விளங்கவில்லை. பின்னால் வந்தவர்கள் இதை ஏதோ ஒருசெல் ஒட்டுண்ணி என்றே நினைத்தார்கள். இன்றும் மருத்துவ மாணவர்கள் அந்தத் தோற்றத்தை 'ஆந்தைக் கண்' என்று சொல்லித்தான் மனத்தில் வைத்துக்கொள்கிறார்கள். பார்த்தால் உண்மையாகவே இருட்டிலிருந்து ஆந்தை ஒன்று நம்மை உற்றுப் பார்ப்பதுபோல இருக்கும்.

1956, 57-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் மூன்று பேர் தனித்தனியாக இந்த வைரஸைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்தெடுத்தார்கள்: செயின்ட் லூயிஸில் மார்கரெட் ஸ்மித், தேசிய சுகாதார நிறுவனத்தில் வாலஸ் ரோ, பாஸ்டனில் தாமஸ் வெல்லர். போலியோ வைரஸை வளர்க்கும் முறையைக் கண்டதற்காக 1954-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர்தான் இந்த வெல்லர். சைட்டோ என்றால் செல், மெகலோ என்றால் பெரிது. ஊதிப்போன அந்த செல்லை வைத்து 1960-இல் அவர் இட்ட பெயரே நிலைத்தது.

இதன் சொந்தக்காரர்களை நமக்குத் தெரியும். சின்னம்மை வைரஸ் இதே ஹெர்பிஸ் குடும்பம். சிறுவயதில் வந்த அம்மை இறங்கிப்போனாலும் அதன் வைரஸ் நரம்பு முடிச்சுகளில் ஒளிந்திருந்து, அறுபது வயதில் அக்கியாகக் கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குடும்பத்துக்கே அதுதான் குணம். சி.எம்.வி. ஒளிந்திருப்பது எலும்பு மஜ்ஜையில், ரத்த செல்களைப் பிறப்பிக்கும் மூல செல்களில். மனிதரைத் தொற்றும் ஹெர்பிஸ் வைரஸ்களிலேயே பெரிய மரபுத்தொகுதி இதனுடையது. போலியோ வைரஸின் மரபுச் செய்தி ஏறத்தாழ 7,500 எழுத்து. கொரோனாவுக்கு 30,000. இதற்கு 2,35,000. இவ்வளவு நீளச் செய்தியில் பெரும்பகுதி எதற்கு என்று கேட்டால், நம் உடம்பின் காவலை ஏமாற்றுவதற்கு.

அந்த ஏமாற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். நம் ஒவ்வொரு செல்லும் தனக்குள் உருவாகும் புரதங்களின் துணுக்குகளை வெளிச்சுவரில் எடுத்து மாட்டி வைக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்பதை வாசலில் கோலமாகப் போட்டுக் காட்டுவது போல. தெருவில் ரோந்து போகும் 'டி' செல்கள் ஒவ்வொரு கோலமாகப் பார்த்துக்கொண்டே போகும். வைரஸ் புகுந்த வீட்டில் கோலம் மாறும். உடனே அந்த செல் அழிக்கப்படும். சி.எம்.வி. என்ன செய்கிறது தெரியுமா? உள்ளே நுழைந்ததும் கோலத்தை அழித்துவிடுகிறது. அதற்கென்றே அதனிடம் ஒன்றுக்கு மேற்பட்ட புரதங்கள் இருக்கின்றன. டி செல் ஏமாந்து போய்விடும். ஆனால் விடிந்து வெகுநேரமாகியும் வாசலில் கோலம் இல்லையென்றால் அக்கம்பக்கத்தார் சும்மா இருப்பார்களா? என்ன துக்கமோ என்று எட்டிப் பார்ப்பார்கள் அல்லவா? உடம்பிலும் அப்படி ஒரு காவல் உண்டு. 'இயற்கைக் கொல்லி' செல்கள் என்று அவற்றுக்குப் பெயர். கோலமே இல்லாத செல்லைக் கண்டால் அவை கொன்றுவிடும். அதற்கும் இந்த வைரஸ் வழி வைத்திருக்கிறது. நம்முடைய கோலத்தைப் போலவே தோன்றும் ஒரு போலிக் கோலத்தைத் தானே செய்து வாசலில் வைத்துவிடுகிறது. நான் படித்த அறிவியலில் இதைப்போல என்னை அசரவைத்தவை சிலவே.

உடம்பும் விட்டுவிடவில்லை. தொற்றுள்ள ஒருவரின் ரத்தத்தில் நினைவுப் படையாக இருக்கும் டி செல்களில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இந்த ஒரே வைரஸைக் கண்காணிக்க ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று 2005-இல் அளந்து சொன்னார்கள். அம்மைக்கும் ஃப்ளூவுக்கும் வேறு நூறு கிருமிக்கும் சேர்த்து மீதிப் படை. நம்மில் பெரும்பாலோர் இந்தக் காவல் நடப்பது தெரியாமலேயே பிறந்து, வளர்ந்து, பேரன் பேத்தி எடுத்துவிடுகிறோம்.

கர்ப்பம் வரும்போதுதான் கதை மாறுகிறது. ஒரு பெண்ணுக்கு இந்த வைரஸ் வாழ்க்கையிலேயே முதல்முறையாகக் கர்ப்ப காலத்தில் தொற்றினால், நூற்றில் 30, 40 பேருக்கு அது நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவை எட்டுகிறது. முதல் மூன்று மாதத்தில் எட்டினால் பாதிப்பு கடுமை. மூளை உருவாகும் இடத்தில் உள்ள மூல செல்களையே அது தாக்குகிறது. முன்பே தொற்றியிருந்த தாயிடமிருந்து கருவுக்குப் போவது நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றுதான்.

இந்த இரண்டு எண்களையும் வைத்து மேலைநாட்டு மருத்துவம் பல வருடங்கள் ஒரு முடிவில் இருந்தது. தொற்று குறைவாக உள்ள நாடுகளுக்குத்தான் ஆபத்து. இந்தியா போன்ற நாடுகளில் பெண்களுக்கெல்லாம் சிறுவயதிலேயே வந்துவிடுவதால் அங்கே குழந்தைகளுக்குப் பயமில்லை என்பது அந்த முடிவு. ரூபெல்லா அப்படித்தான் நடந்துகொள்கிறது. ஒருமுறை வந்த தாய்க்கு, அல்லது தடுப்பூசி போட்ட தாய்க்குப் பிறக்கும் பிள்ளை ஏறத்தாழ முழுப் பாதுகாப்போடு இருக்கும். அதனால்தான் 2017-இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தித் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போட்டார்கள். சி.எம்.வி.யும் அதே போலத்தான் என்று நம்பினார்கள்.

அப்படி இல்லை என்று காட்டியவை இரண்டு ஊர்கள். தில்லியை ஒட்டிய அரைநகரப் பகுதியில் ஏறக்குறைய எல்லாத் தாய்மாருக்கும் முன்பே தொற்று இருந்தது. அங்கே பிறந்த குழந்தைகளைச் சோதித்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்குச் சுமார் இரண்டு குழந்தைகள் வயிற்றிலேயே வைரஸைப் பெற்றிருந்தன. மறு ஆண்டு பிரேசிலின் ரிபெய்ராவ் பிரெட்டோ நகரிலிருந்து முடிவு வந்தது. அங்கும் தாய்மாரில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் தொற்று. 8,000 குழந்தைகளைச் சோதித்ததில் நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல். பாதித் தாய்மாருக்கே தொற்றுள்ள அமெரிக்காவில் இது இருநூறுக்கு ஒன்றுதான். தொற்று நிறைந்த நாட்டில் குழந்தைகளுக்குக் குறைவாக வந்திருக்க வேண்டும். அதிகமாக வந்திருக்கிறது.

எப்படி என்று ஒரு மனக்கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஊரில் 1,000 கர்ப்பிணிகள். பாதிப் பேருக்கு முன்பு தொற்றில்லை. அந்த 500 பேரில் 10 பேருக்குக் கர்ப்பத்தில் புதிதாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளை அது எட்டும். மூன்று குழந்தைகள். தொற்றுள்ள மற்ற 500 பேரிடமிருந்து, நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில், இன்னும் ஐந்து. ஆக எட்டு. இன்னொரு ஊரில் அதே 1,000 பேர். அவர்களில் 950 பேருக்கு முன்பே தொற்று. நூற்றுக்கு ஒன்று என்ற சின்ன எண்ணை அந்த 950-ஆல் பெருக்கினால் ஒன்பது, பத்து வந்துவிடுகிறது. தனியொரு பெண்ணுக்கு ஆபத்து சிறியதுதான். ஆனால் அந்தச் சிறிய ஆபத்து ஊர் முழுக்க இருக்கிறது. இந்தியாவில் வருடத்துக்கு இரண்டு கோடிக் குழந்தைகளுக்கு மேல் பிறக்கின்றன. நூற்றுக்கு ஒன்று என்று வைத்தாலும் அது இரண்டு லட்சம் குழந்தைகள்.

முன்பே தொற்றிய தாயின் காவலை வைரஸ் எப்படித் தாண்டுகிறது என்ற கேள்வி மிஞ்சுகிறது. தூங்கிய வைரஸ் விழித்துக்கொள்வது ஒரு வழி. இன்னொரு வழியை 2001-இல் அமெரிக்காவின் பர்மிங்ஹாமிலிருந்து வந்த ஓர் ஆய்வு காட்டியது. முன்பே தொற்றிருந்த 46 தாய்மாரின் ரத்தத்தை இரண்டு கர்ப்பங்களுக்கு இடையே ஒப்பிட்டார்கள். குழந்தைக்கு வைரஸ் போயிருந்த 16 பேரில் 10 பேருக்கு, முன்பு இல்லாத வேறொரு வகை வைரஸுக்கான ஆன்டிபாடி புதிதாகத் தோன்றியிருந்தது. குழந்தைக்குப் போகாத 30 பேரில் நான்கு பேருக்குத்தான் அப்படி இருந்தது. இந்த வைரஸில் பல வகைகள் உண்டு. ஒன்று வந்திருப்பது மற்றொன்றை முழுதாகத் தடுப்பதில்லை. சுற்றிலும் எச்சில் வழியாக வகைவகையாகப் புழங்கும் ஊரில் ஒரு தாய் திரும்பத் திரும்ப எதிர்கொள்ள நேர்கிறது. இதனாலேயே தடுப்பூசியும் கைகூடவில்லை. 2009-இல் வெளியான ஒரு தடுப்பூசி ஆய்வில் பாதிப் பாதுகாப்பு கிடைத்தது. மாடெர்னா நிறுவனத்தின் எம்.ஆர்.என்.ஏ. ஊசி பெரிய நம்பிக்கையைத் தந்து, 2025 அக்டோபரில் இறுதிக்கட்ட ஆய்வில் தேறாமல் போனது.

அப்படியானால் கர்ப்பிணிக்கு எடுக்கும் டார்ச் டெஸ்ட் எதற்கு? டாக்ஸோபிளாஸ்மா, ரூபெல்லா, சி.எம்.வி., ஹெர்பிஸ் ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்துச் செய்த பெயர் அது. ஐஜிஜி பாசிட்டிவ் என்றால் எப்போதோ வந்தது என்று மட்டுமே பொருள். ஐஜிஎம் என்ற இன்னொரு வகை ஆன்டிபாடி பாசிட்டிவ் என்று வந்தால் புதுத் தொற்று என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது மாதக்கணக்கில் ரத்தத்தில் தங்கலாம். பொய்யாகவும் வரலாம். சந்தேகம் இருந்தால் அவிடிட்டி என்ற சோதனை உண்டு. புதிதாகப் பிறந்த ஆன்டிபாடி வைரஸைத் தளர்வாகப் பிடிக்கும், பழகப் பழகப் பிடி இறுகும். அந்தப் பிடியின் இறுக்கத்தை அளந்தால் தொற்று பழையதா புதியதா என்று தெரியும். கர்ப்பத்தின் தொடக்கத்தில் முதல்முறை தொற்றியது உறுதியானால், வாலசைக்ளோவிர் மாத்திரை நாளுக்கு 8 கிராம் கொடுத்து, கருவுக்குப் போவதை 30 சதவீதத்திலிருந்து 11 சதவீதமாகக் குறைக்க முடிந்தது என்று இஸ்ரேலில் நடந்த ஆய்வு 2020-இல் காட்டியது. ஐஜிஜி மட்டும் பாசிட்டிவ் என்பதற்கு எந்த மருந்தும் தேவையில்லை. அந்த ஒரு வரியைக் காட்டி யாராவது கருவைக் கலைக்கச் சொன்னால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். வேறொரு டாக்டரைப் பாருங்கள்.

நாம் கவலைப்பட வேண்டிய இடம் தாயின் ரத்தம் அல்ல, குழந்தையின் காது. வயிற்றில் வைரஸைப் பெற்றுப் பிறக்கும் பத்துக் குழந்தைகளில் ஒன்றுக்குத்தான் மஞ்சள் காமாலை, தோலில் சிவப்புப் புள்ளிகள், சிறிய தலை என்று வெளியே ஏதாவது தெரியும். மற்ற ஒன்பதும் கொழுகொழுவென்று இருக்கும். அந்த ஒன்பதிலும், நூற்றுக்குப் பத்துப் பதினைந்து குழந்தைகளுக்குப் பின்னாளில் கேட்கும் திறன் குறைகிறது. பிறந்தபோது செய்த காது சோதனையில் தேறிய பிள்ளைக்கு இரண்டு வயதில், மூன்று வயதில் மெல்ல மெல்லக் கேட்காமல் போகிறது. கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால், பிடிவாதக்காரன் என்று வீட்டார் சிரித்துக்கொள்வார்கள். பேச்சு வரவில்லை என்றால், அப்பாவும் லேட்டாகத்தான் பேசினார் என்பார்கள். பரம்பரைக் காரணங்களை விட்டுவிட்டால், குழந்தைகளின் நரம்புவழிக் காது கேளாமைக்கு உலகில் முதல் காரணம் இந்த வைரஸ்தான்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. குழந்தையின் எச்சிலையோ சிறுநீரையோ எடுத்து பி.சி.ஆர். செய்தால் தெரிந்துவிடும். ஆனால் பிறந்து 21 நாளுக்குள் எடுத்துவிட வேண்டும். காரணம் நாம் முதலில் பார்த்த தாய்ப்பால். மூன்று வாரம் கடந்தபின் எச்சிலில் வைரஸ் இருந்தால், அது வயிற்றில் வந்ததா, பாலில் வந்ததா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. பாலில் வந்தது துன்பம் தராது. வயிற்றில் வந்ததுதான் பின்னாளில் காதைப் பறிக்கும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2019 முதல், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 2023 முதல், பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் குதிகாலில் எடுக்கும் ஒரு சொட்டு ரத்தத்திலேயே இதைச் சோதிக்கின்றன. பாதிப்புடன் பிறந்த குழந்தைக்கு முதல் மாதத்திலேயே வால்கன்சைக்ளோவிர் மருந்தைத் தொடங்கி ஆறு மாதம் கொடுத்தால் கேட்கும் திறனையும் வளர்ச்சியையும் ஓரளவு காக்கலாம் என்று 2015-இல் தெரிந்தது. ரத்த வெள்ளணுக்கள் குறையலாம் என்பதால் டாக்டரின் கண்காணிப்பிலேயே கொடுக்க வேண்டும். மருந்து தேவைப்படாத குழந்தைக்கும் சோதனை வீணில்லை. வைரஸ் இருப்பது தெரிந்தால், சில மாதங்களுக்கு ஒருமுறை காதைப் பார்த்துக்கொண்டே வரலாம். கேட்கும் திறன் முழுதாகப் போய்விட்டாலும், தமிழ்நாட்டில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே காக்ளியர் கருவி பொருத்துகிறார்கள். எவ்வளவு சீக்கிரம் பொருத்துகிறோமோ அவ்வளவு பேச்சு வரும்.

மூத்த பிள்ளை கையில், அடுத்தது வயிற்றில் என்று இருக்கும் தாய்மாருக்கு இரண்டு வார்த்தை. பெரியவனின் எச்சில் பட்ட ஸ்பூனையும் டம்ளரையும் உங்கள் வாயில் வைக்காதீர்கள். அவன் மீதம் வைத்த சோற்றை வீணாகிறதே என்று வழித்துச் சாப்பிடாதீர்கள். முத்தத்தை நெற்றியில் கொடுங்கள். சளியைத் துடைத்தபின், ஈரத் துணியை மாற்றியபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். முன்பே தொற்றுள்ளவர்களுக்கும் இது பொருந்தும், ஏனென்றால் வேறொரு வகை வரக்கூடும்.

குழந்தை பிறந்ததும், வீட்டுக்கு அனுப்பும் முன் காது சோதனை ஆயிற்றா என்று கேளுங்கள். அதில் தேறவில்லை என்றாலோ, தலை சிறியதாக இருந்தாலோ, காமாலை இயல்பைவிட நீடித்தாலோ, சி.எம்.வி.க்கு எச்சில் அல்லது சிறுநீர் சோதனை செய்ய வேண்டுமா என்று குழந்தை டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். நாளை எண்ணிக்கொண்டே இருங்கள். முப்பதாம் நாள் தொட்டில் போட்டுப் பெயர் வைத்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், அந்தச் சோதனைக்கான காலம் ஒன்பது நாள் முன்பே முடிந்துபோயிருக்கும்.